மீன்பிடித் தடைக்காலத்தில் மூன்று மாத வாடகை பாக்கி. ஒரு வாரத்தில் காலி பண்ணச் சொல்கிறார் வீட்டு ஓனர். என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் மண்டபம் பக்கம், விசைப்படகில், பிடிக்கிற மீனின் வருமானத்தில் பங்குக்குப் போகிறவர். ஒரு வாரத்தில் காலி பண்ணாவிட்டால் சாமானைத் தெருவில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிவிடுவேன் என்று ஓனர் சொல்கிறாராம். எழுதின ஒப்பந்தம் எதுவும் இல்லை.

அண்ணே, முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அவர் வாயால் சொன்னார் என்பதற்காக ஒரு வாரத்தில் நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. உங்களைக் காலி பண்ண வைக்க வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். அது இல்லாமல் சாமானில் கை வைக்க ஓனருக்கும் உரிமை இல்லை, அவர் கூட்டி வருகிற ஆளுக்கும் இல்லை.

போன வருஷம் நாங்களும் இதே நிலையில்தான் நின்றோம். தங்கச்சிமடத்தில் வாடகை வீடு, மாதம் 4,500 ரூபாய். என் கணவர் விசைப்படகில் போகிறார், நான் நண்டு கம்பெனியில் சதை எடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில். நாட்டுப்படகுக்குத் தடை இல்லாததால் நண்டு கொஞ்சம் வரும், எனக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை இருக்கும். அது அரிசிக்கும் தண்ணிக்கும் சரி. தடைக்கால நிவாரணம் 8,000 வந்தது, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், இரண்டு பிள்ளைகளுக்கே போய்விட்டது. ஜூன் 15-க்குப் பிறகு பங்கு வந்ததும் கொடுத்துவிடலாம் என்றிருந்தோம். இரண்டு நடை போனார்கள். அதற்குள் இலங்கைக் கடற்படை படகுகளைப் பிடித்துவிட்டது என்று மீனவர் வேலைநிறுத்தம்.

நாங்கள் செய்த பெரிய தப்பு, ஒளிந்துகொண்டதுதான். எங்கள் ஓனர் வீட்டு அக்கா வாடகை கேட்டு மூன்றாவது தடவை வந்தபோது, நான் உள்ளே அடுப்படியில் நின்றுகொண்டு, ஏழு வயது மகளை விட்டு "அம்மா இல்ல" என்று சொல்லச் சொன்னேன். அந்த அக்கா பிள்ளையிடம் ஒன்றுமே சொல்லவில்லை. வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் வீடு இருட்டு. மீட்டர் பலகையில் பீஸ் கட்டையைக் காணவில்லை, வெறும் ஓட்டை. அடுத்த வாரமே வக்கீல் நோட்டீஸ், பதிவுத் தபாலில்.

என் கணவர் கையெழுத்துப் போட்டு வாங்காதே என்றார். நான் வாங்கினேன், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. தபாலை மறுத்தாலும் சட்டத்தில் கிடைத்த மாதிரிதான் கணக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியாமல் போகும், நாளும் ஓடிக்கொண்டிருக்கும்.

ராமநாதபுரம் கோர்ட்டில் இலவசச் சட்ட உதவி இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை. உங்கள் மனைவி பெயரில் போகலாம். 15100-க்குப் போன் பண்ணியும் கேட்கலாம். அங்கே ஒரு வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

2017-இல் போட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டு மாத பாக்கி நின்றால் ஓனர் முறையாக நோட்டீஸ் விடலாம். நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், மொத்த பாக்கியையும் வட்டி இருந்தால் வட்டியோடு கட்டிவிட்டால், பாக்கிக்காகக் காலி பண்ணச் சொல்லி உத்தரவு போட முடியாது. மொத்த பாக்கியும் என்பதைக் கவனியுங்கள். பாதி கொடுத்துவிட்டு மீதி அப்புறம் என்றால் இந்தப் பாதுகாப்பு நிற்காது. இன்னொன்று, இப்படித் தப்பித்தபின் ஒரு வருஷத்துக்குள் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இந்தச் சலுகை இல்லை.

கரண்ட், தண்ணீரை ஓனர் நிறுத்தவே கூடாது, எவ்வளவு பாக்கி இருந்தாலும். நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம், உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவு போடலாம். ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸில் போய்க் கேளுங்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. வக்கீலம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டியதுமே ஓனர் பீஸ் கட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பாவம், அவரும் அந்த வாடகையை வைத்துத்தான் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒளியாமல் போய்ப் பேசியிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்காது என்று எனக்கு இன்னமும் தோன்றும்.

13,500 ரூபாய். என் தோட்டை அடகு வைத்தது 8,000, கணவரின் பங்கு 5,500. இருபத்து நான்காம் நாள் கட்டினோம். மூன்று மாதத்துக்கும் தனித்தனியாக ரசீது வாங்கினேன். நீங்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது இல்லாமல் கொடுக்கவே கொடுக்காதீர்கள். போனில் அனுப்பினால் எந்த மாதத்து வாடகை என்று எழுதி அனுப்புங்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னால் மணியார்டரில் அனுப்புங்கள். இரண்டு மாதம் அப்படி அனுப்பியும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக முடிவு பண்ணி வாடகையை நிறுத்தாதீர்கள். ஓனர் ஒத்துக்கொண்டால் சரி, அதையும் எழுதி வாங்குங்கள்.

ஒப்பந்தம் எழுதாததுதான் உங்கள் விஷயத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி ஓனர் மனுப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதனால் பாக்கியைத் தீர்க்கிற அன்றைக்கே ஒப்பந்தத்தைப் பேசுங்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். அதில் ஒரு வரி நானே சொல்லி எழுத வைத்தது: ஏப்ரல், மே இரண்டு மாதமும் பாதி வாடகை, மீதிப் பாதியை ஜூலை முதல் நான்கு மாதத்தில் பிரித்துக் கட்டுவது. ஓனர் முதலில் யோசித்தார். அந்த அக்காதான், "கடலுக்குப் போறவங்களுக்கு வீடு விட்டா இதெல்லாம் பாக்கத்தான செய்யணும்" என்றார்.

இன்றைக்கே, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, நீங்களும் உங்கள் மனைவியும் ஓனர் வீட்டுக்குப் போங்கள். கையில் ஆயிரம் இருந்தால் ஆயிரம் கொடுத்து ரசீது கேளுங்கள். மீதி எந்தத் தேதியில் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். நோட்டீஸ் தபாலில் வந்ததா, வாயால் சொன்னது மட்டும்தானா என்பதை நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் என்றைக்கு வாங்கினீர்கள் என்ற தேதியைச் சொல்லுங்கள், மீதி நாளைக் கணக்குப் பண்ணிச் சொல்கிறேன்.