சொல்லை மாற்றினால் போதுமா?

வணக்கம் சார்,

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் முன்னாய்வுகளைப் பற்றிய இயலை நெறியாளரிடம் கொடுத்திருந்தேன். பாதிப் பக்கங்களில் 'இது நகல்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எந்த வரியையும் அப்படியே எடுக்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் சொற்களை மாற்றித்தான் எழுதினேன், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் மூலத்தைக் குறிப்பிட்டிருக்கிறேன். மென்பொருளில் போட்டுப் பார்த்தால் ஒப்புமை 8 சதவீதம்தான் வருகிறது. பிறகு எப்படி இது நகல் ஆகும்? கலைச்சொற்களையும் மாற்ற வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் நெறியாளர் சொல்வது சரி. நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்பதும் தெரிகிறது, மறைக்க நினைப்பவர் பத்திக்குப் பத்தி மூலத்தைக் குறிப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் சொற்களை மாற்றினேன் என்கிறீர்களே, சிக்கலே அதில்தான் இருக்கிறது. மூலத்தின் வாக்கிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு அங்கங்கே ஒரு சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடும் இந்த வேலையை 'பேட்ச்ரைட்டிங்' என்று 1990களில் ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற ஆய்வாளர் எழுதினார். புதிய துறைக்குள் நுழைகிறவர்கள் கற்றுக்கொள்ளும் வழியில் இப்படிச் செய்கிறார்கள், இதையெல்லாம் திருட்டு என்று தண்டிப்பது தவறு என்பது அவர் வாதம். எனக்கும் அதில் உடன்பாடு உண்டு. ஆனாலும் ஆய்வேட்டில் அது அப்படியே நிற்கக் கூடாது.

உதாரணத்துக்காக ஒரு மூல வாக்கியத்தை நானே எழுதுகிறேன்: "ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கிய மாணவர்கள் நினைவாற்றல் சோதனையில் பின்தங்கினர்; ஆயினும் தூக்கக் குறைவே இதற்குக் காரணம் என்று இத்தரவுகளைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது."

நீங்கள் செய்வது இது: "ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கிய மாணாக்கர் ஞாபகசக்திப் பரிசோதனையில் பின்னடைந்தனர்; எனினும் உறக்கக் குறைபாடே இதன் காரணி என இத்தகவல்களால் தீர்மானிக்க முடியாது." ஒரு சொல்கூட மிச்சமில்லாமல் மாற்ற முயன்றாலும் அரைப்புள்ளி வரை அது மூல ஆசிரியரின் வாக்கியம்தான். போதாததற்கு 'தரவு' 'தகவல்' ஆகிவிட்டது, இரண்டும் ஒன்றல்ல.

மூலத்தை மூடிவைத்துவிட்டு எழுதினால் இப்படி வரலாம்: "தூக்கமும் நினைவாற்றலும் சேர்ந்து குறைவதை இந்த ஆய்வு காட்டுகிறது, எது எதனால் என்று சொல்லவில்லை. என் ஆய்வு தொடங்குவது அந்த இடத்தில்தான்." முதல் வாக்கியத்தோடு அவர் பெயரும் ஆண்டும் வர வேண்டும். இதில் உங்களுக்கு அந்த ஆய்வு எதற்காகத் தேவைப்படுகிறது என்பது வந்துவிட்டது பாருங்கள். அதைவிட முக்கியம், மூலத்தில் இருந்த தயக்கமும் அப்படியே இருக்கிறது. சொந்த நடையில் எழுதும்போது முதலில் காணாமல் போவது அந்தத் தயக்கம்தான், 'இருக்கலாம்' என்று அவர் எழுதியது நம் கையில் 'இருக்கிறது' ஆகிவிடும், அப்புறம் அவர் சொல்லாத ஒன்றுக்கு அவர் பெயரைப் போட்டிருப்போம். நகலைவிட இது மோசம் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் தரும் சதவீதத்தை நம்பி உட்காராதீர்கள். எழுத்து எங்கே ஒத்துப்போகிறது என்பதைத்தான் அது காட்டும். மேற்கோள் குறிக்குள் முறையாக எடுத்தாண்ட பகுதிகூட எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டலாம், உங்களைப்போல் சொல் மாற்றி எழுதினால் குறைத்தும் காட்டலாம். இந்த எண்ணைக் குறைக்கவே சொற்களைத் தானாக மாற்றித்தரும் கருவிகளை நாடுகிறவர்கள் உண்டு. அதன் விளைவை 2021இல் கீயோம் கபனாக் என்ற கணினி அறிவியலாளரும் அவருடைய சகாக்களும் வெளிப்படுத்தினார்கள்: அச்சான ஆய்வுக் கட்டுரைகளில் 'செயற்கை நுண்ணறிவு' இருக்க வேண்டிய இடத்தில் 'போலி உணர்வு' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கலைச்சொற்களைத் தொடாதீர்கள், அவை யாருடைய நடையும் அல்ல, துறைக்குப் பொது.

இந்தக் கோளாறு பெரும்பாலும் குறிப்பெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மூலத்தின் வரிகளை நோட்டில் எழுதிவைத்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எது அவர் வரி, எது நம் வரி என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அப்படியே எடுத்த வரிகளுக்கு அப்போதே மேற்கோள் குறி போட்டுப் பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். எழுத உட்காரும்போது மூலத்தை மூடிவிடுங்கள். எழுதி முடித்ததும் திறந்து ஒப்பிடுங்கள், கருத்து சரியாக இருக்கிறதா, வாக்கியம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். மூடிவைத்தால் எழுதவே வரவில்லை என்றால் அந்தப் பகுதி இன்னும் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். அவர் சொன்ன விதமே முக்கியம் என்று பட்டால் மேற்கோளாகவே கொடுங்கள்.

அப்புறம், பத்தியின் முடிவில் மட்டும் பெயரைப் போடுவது போதாது, அவர் கருத்து எங்கே தொடங்குகிறது என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? அவர் பெயரோடே தொடங்குங்கள். மூலங்களைக் குறிப்பிட அமெரிக்க உளவியல் சங்கம் வகுத்த ஏபிஏ முறையின் 7ஆம் பதிப்புப்படி, அதே மூலம்தான் தொடர்கிறது என்பது தெளிவாக இருந்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் பெயரைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

இயல் முழுவதையும் ஒரே மூச்சில் திருத்திக்கொண்டு போகாதீர்கள். நெறியாளர் குறித்துத் தந்ததில் இரண்டு பத்திகளை மட்டும் இப்படி எழுதி, பழையதையும் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றபின் மிச்சத்தைத் தொடுங்கள்.