குடித்த கேப்டனுக்குச் சாட்டையடி கிடையாது

உங்கள் நாவலில், 1863-ல் காவல் பணியின்போது போதையில் சிக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடபடை (வட மாநிலங்களின் படை) கேப்டனுக்குச் சாட்டையடி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிப்பாய்களுக்கே 1861 ஆகஸ்டில் அதை ஒழித்துவிட்டார்கள். ‘போர் விதிகள்’ என்ற அன்றைய அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 45-வது பிரிவுப்படி அதிகாரிக்குப் பதவி பறிப்புதான். முதலில் வாளை வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு முடக்குவார்கள். அனுமதியின்றி வெளியே வந்தால் அதற்கே பதவி போகும் (கதைக்கு உதவும்!). பிறகு 5 முதல் 13 அதிகாரிகள் கொண்ட ராணுவ நீதிமன்றம். வழக்கு சறுக்குவது ‘பணியில்’ என்ற சொல்லில்தான். பணியில் இல்லாதபோது குடித்திருந்தால் 45 ஒட்டாது, கண்ணியக்குறைவுக்கான 83-வது பிரிவைத்தான் பிடிக்க வேண்டும். தீர்ப்பு வந்தாலும் கதை முடியாது. கெட்டிஸ்பர்க் சண்டையில் குடித்திருந்ததாக 1864-ல் தண்டிக்கப்பட்ட வடபடை ஜெனரல் ரௌலியைப் போர்ச் செயலர் ஸ்டாண்டன் மீண்டும் பணியில் அமர்த்தினார்.