கரையில் குவியும் கடற்பாசி: வீசிங் உள்ள பையனோடு கான்கூன் போகலாமா?

கேள்வி: டாக்டர், ஜூன் மூன்றாவது வாரம் குடும்பமாக மெக்சிகோவில் இருக்கும் கான்கூனுக்குப் போகிறோம். விமான டிக்கெட், ஓட்டல் எல்லாம் போட்டாயிற்று, இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. இப்போது பார்த்தால் கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் பாசி குவிந்து கிடக்கிற படங்களாக வருகின்றன. நாற்றம் தாங்கவில்லை, மூச்சு முட்டியது என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். என் பையனுக்கு 8 வயது, வீசிங் உண்டு, தினமும் இன்ஹேலர் எடுக்கிறான். கூட வரும் மாமியாருக்கு 64 வயது, 15 வருடமாகச் சர்க்கரை, குதிகாலில் பித்தவெடிப்பும் இருக்கிறது. கணவர் கேன்சல் செய்துவிடலாம் என்கிறார். பாசி இருக்கும் கடலில் குளித்தால் என்ன ஆகும்? போகலாமா, வேண்டாமா?

பதில்: போகலாம். கேன்சல் செய்ய வேண்டிய அளவுக்கு இதில் எதுவும் இல்லை. ஆனால் எந்தக் கரை, எந்த அறை, எந்த நாளில் கடலில் இறங்குவது என்பதையெல்லாம் நீங்கள் இப்போதிருந்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஜூன் என்பது அந்தப் பாசி உச்சத்தில் இருக்கும் காலம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். கடலில் மிதக்கிற பாசி வேறு, கரையில் கிடந்து அழுகுகிற பாசி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இவ்வளவு பயம். இந்தப் பாசிக்கு சர்காசம் என்று பெயர். அன்று ஒதுங்கிய ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் தங்கப் பழுப்பில், ஓரம் ரம்பம் போல வெட்டுவெட்டாக உள்ள சின்ன இலைகளும், நடுநடுவே மிளகு அளவில் காற்று நிரம்பிய உருண்டைகளும் இருக்கும். அந்த உருண்டைகள்தான் அதை மிதக்க வைக்கின்றன. ஒரு வெள்ளைத் தட்டின் மேல் கொத்தை உதறினால் நகக்கண் அளவு நண்டும் கண்ணாடி மாதிரி இறாலும் விழும். ஆமைக் குஞ்சுகள்கூட நடுக்கடலில் இதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன. இந்தப் பாசி புதிதாக வந்ததல்ல, 1492-இல் கொலம்பஸின் கப்பல்களே இதன் நடுவேதான் போயின. ஆனால் 2011-லிருந்து ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் நடுவே உள்ள அட்லாண்டிக்கில் புதிதாக ஒரு பெரிய பட்டை உருவாகி, காற்றும் நீரோட்டமும் தள்ளிக்கொண்டு வர, கரீபியன் தீவுகளிலும் மெக்சிகோவின் கிழக்குக் கரையிலும் வந்து குவிகிறது. 2018-இல் அந்தப் பட்டை 8,850 கிலோமீட்டர் நீளம், 2 கோடி டன்னுக்கு மேல் எடை. 2025 மே மாதத்தில் சுமார் 3.75 கோடி டன் என்று புளோரிடாவில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள், அதுவரை பதிவானதிலேயே அதுதான் அதிகம்.

சரி, மிதக்கும் பாசி உடம்பை என்ன செய்யும்? பாசி கடிக்காது, கொட்டாது. காலில் சுற்றிக்கொண்டால் வழவழவென்று அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதோடு சேர்ந்து வரும் சில உயிர்கள் கொட்டும். குறிப்பாக, கண்ணுக்கே தெரியாத ஜெல்லிமீன் குஞ்சுகள் நீச்சல் உடைக்குள் மாட்டிக்கொண்டு, சில மணி நேரம் கழித்து உடைக்கு அடியில் இருந்த இடத்தில் மட்டும் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரிக்கும். என்னிடம் ஒரு சிறுமியை அழைத்துவந்திருந்தார்கள், முதுகில் நீச்சல் உடை எப்படி வெட்டப்பட்டிருந்ததோ அதே வடிவத்தில், கோடு போட்ட மாதிரி தடிப்பு. பெற்றோர் அம்மையோ என்று பயந்துவிட்டார்கள். நீச்சல் உடை போட்டீர்களா என்று கேட்டதுமே விஷயம் முடிந்துவிட்டது.

இதில் பலரும் செய்யும் தவறு, கடலிலிருந்து ஏறியதும் உடையோடு அப்படியே ஷவருக்கு அடியில் நிற்பது. உப்பில்லாத தண்ணீர் பட்டால் உள்ளே மாட்டியிருக்கும் குஞ்சுகளின் கொட்டும் செல்கள் வெடித்து இன்னும் கொட்டும். முதலில் உடையைக் கழற்றுங்கள், அப்புறம் குளியுங்கள், துண்டால் அழுத்தித் தேய்க்காதீர்கள். உடையை சோப்பு போட்டு அலசி வெயிலில் நன்றாகக் காய வைத்த பிறகுதான் மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாளும் அதே கதைதான். தடிப்பு வந்துவிட்டால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பும், அரிப்புக்கு செட்டிரிசின் போன்ற மாத்திரையோ சிரப்போ போதும், பெரும்பாலும் சில நாளில் அடங்கும், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். வெயிலுக்காகப் பையனுக்குத் தொளதொளவென்று டி-சர்ட் மாட்டிக் கடலில் இறக்காதீர்கள். அந்த டி-சர்ட் வலை மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாசி அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்தால் தாராளமாகக் குளிக்கலாம். மெத்தை போல அடர்த்தியாக மிதந்தால் வேண்டாம். அதற்கு அடியில் குழந்தை மூழ்கினால் மேலிருந்து பார்க்கத் தெரியாது, அடியில் என்ன கிடக்கிறது என்றும் தெரியாது. கரையோரத் தண்ணீர் கருந்தேநீர் நிறத்தில் தேங்கிக் கிடந்தாலும் இறங்க வேண்டாம். அது பாசி அழுகி ஊறிய தண்ணீர்.

இப்போது உங்கள் பையனின் விஷயத்துக்கு வருகிறேன், நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது இதைத்தான். கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளாமல் விட்டால் ஏறக்குறைய 48 மணி நேரத்தில் அழுக ஆரம்பித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவை விடும், கூடவே அம்மோனியாவும். அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கண் எரிச்சல், தொண்டைக் கரகரப்பு, தலைவலி, குமட்டல் என்று யாருக்கும் வரலாம். ஆனால் மூச்சுக்குழாய் ஏற்கெனவே வீங்கி, சின்னத் தூண்டுதலுக்கும் சுருங்கத் தயாராக இருக்கும் குழந்தைக்கு அதே காற்று வீசிங்கைக் கிளப்பிவிடும். 2018-இல் கரீபியனில் பிரான்ஸுக்குச் சொந்தமான மார்ட்டினிக், குவாடலூப் என்ற இரண்டு தீவுகளில் மட்டும் இந்த வாயுவால் பாதிக்கப்பட்டவர்களாக மருத்துவர்கள் பதிவு செய்தது 11,000-க்கும் மேல். இந்த எண்ணைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அந்தத் தீவுகளில் வாரக்கணக்கில் குவியல் பக்கத்திலேயே மக்கள் குடியிருக்கிறார்கள், நீங்கள் ஒரு வாரம் போய்வருகிறீர்கள், அதுவும் விலகி நடக்க வாய்ப்புள்ளவர்கள்.

அந்தத் தீவுகளுக்காக பிரான்ஸ் வகுத்த வழிமுறையைச் சொன்னால் உங்களுக்கு ஓர் அளவு கிடைக்கும். காற்றில் இந்த வாயு 1 பிபிஎம்-ஐ, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள் அந்த இடத்துக்குப் போகக்கூடாது. 5 பிபிஎம்-ஐத் தாண்டினால் பாதுகாப்புக் கருவி உள்ள பணியாளர்களைத் தவிர யாருமே போகக்கூடாது. உங்களிடம் அளக்கும் கருவி இருக்காது, இருப்பது மூக்குதான். நம் மூக்கு இந்த வாயுவை 1 பிபிஎம்-ஐவிடக் குறைந்த அளவிலேயே கண்டுபிடித்துவிடும், அந்த வகையில் நல்ல காவல்காரன். ஆனால் கொஞ்ச நேரத்தில் பழகிப்போய்விடும். அதனால் முதல் நிமிடத்தில் மூக்கு சொல்வதை நம்புங்கள். ‘இப்போது அவ்வளவாக நாற்றம் இல்லையே’ என்று அரை மணி கழித்துத் தோன்றினால் அதை நம்பாதீர்கள். இன்னொன்று, இது காற்றைவிடக் கனமான வாயு, தாழ்வான இடத்தில் தேங்கும். நீங்கள் நின்றுகொண்டு இருப்பீர்கள், பையன் மணலில் உட்கார்ந்து குழி தோண்டிக்கொண்டிருப்பான். அவன் சுவாசிக்கும் காற்று உங்களுடையதைவிட மோசமாக இருக்கலாம். சாதாரண முகக்கவசம் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது, அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ஆகவே ஓட்டலுக்கு இன்றே ஒரு மெயில் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். தினமும் காலையில் பாசியை அள்ளுகிறார்களா? அள்ளியதை எங்கே கொட்டுகிறார்கள்? இரண்டாவதைப் பலரும் கேட்பதில்லை. கரை பளிச்சென்று இருக்கும், அள்ளிய பாசியெல்லாம் உங்கள் அறை ஜன்னலுக்குப் பின்னால் மலையாகக் கிடந்து அழுகிக்கொண்டிருக்கும். கடலைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், முடிந்தால் கரையிலிருந்து உள்ளே தள்ளிய, மேல்மாடி அறையாகக் கேளுங்கள்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். பாசி கிழக்கிலிருந்து வருகிறது, எனவே கிழக்குப் பார்த்த கரைகள்தான் அதிகம் வாங்கும். கான்கூன் ஓட்டல் பகுதியின் நீளமான கிழக்குக் கரை, தெற்கே ப்ளாயா தெல் கார்மென், துலும் எல்லாம் அப்படித்தான். கான்கூனிலேயே வடக்குப் பார்த்த பகுதியிலும், படகில் போகக்கூடிய இஸ்லா முஹேரெஸ் தீவின் வடகரையிலும், கொசுமெல் தீவின் மேற்குக் கரையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். எந்தக் கரையில் எவ்வளவு பாசி என்று நிறம் குறித்த வரைபடங்களை அங்கே உள்ளவர்கள் வெளியிடுகிறார்கள், காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று திசை மாறினால் ஒரே இரவில் கரை மாறிவிடும், அதனால் பயணத்துக்கு ஆறு வாரம் முன்னால் வந்த படத்தை வைத்து இப்போது முடிவெடுப்பதில் அர்த்தமே இல்லை. ரொம்ப மோசமான நாளில் கடலை விட்டுவிட்டு, உள்நாட்டில் செனோட்டே என்று சொல்லும் சுண்ணாம்புப்பாறைக் குளங்களுக்குப் போங்கள். நன்னீர், பாசி வாடையே இருக்காது, பையனுக்கு அதுதான் கடலைவிடப் பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை.

பையனின் மருந்து பற்றி. தினமும் எடுக்கும் இன்ஹேலரை ‘விடுமுறைதானே’ என்று ஒருநாள்கூட விடாதீர்கள், கிளம்புவதற்கு முந்தைய வாரங்களில் இன்னும் கவனமாக. உடனடி நிவாரண இன்ஹேலர் இரண்டு, இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் ஒன்று, இவை பெட்டியில் இல்லை, உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். மணலில் வெயிலில் வைக்காதீர்கள். அவனுடைய டாக்டரிடம் இப்போதே போய், வீசிங் வந்தால் எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளி, எப்போது மருத்துவமனை என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அங்கே இருமல் தொடங்கினால் முதல் வேலை அந்த இடத்தை விட்டு நகர்வது, காற்று வரும் பக்கமாக. அப்புறம் நிவாரண இன்ஹேலர். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போனாலோ, இன்ஹேலர் கொடுத்தும் தணியாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது. அங்கே அவசர எண் 911.

உங்கள் மாமியாரும் நாற்றமுள்ள இடத்திலிருந்து விலகித்தான் இருக்க வேண்டும், ஆனால் அவர்களுக்கு வாயுவைவிடக் கால்தான் பெரிய பிரச்சினை. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா குடும்பம் உண்டு. அதில் ஒரு வகை புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரை, கல்லீரல் நோய், எதிர்ப்புச் சக்திக் குறைவு உள்ளவர்களுக்கு ஒரே நாளில்கூட மிக மோசமாகிவிடும். அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் நடந்தால் காலும் உயிரும் போகக்கூடியது என்பதால் நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெடிப்பில் ரத்தம் கசிந்தாலோ, பிளவு ஆழமாக இருந்தாலோ அவர்கள் கடலில் இறங்கக் கூடாது, குளத்திலும் கூடாது. தோல் முழுதாக மூடியிருந்தால் நனைக்கலாம், ஆனால் செருப்போ கடல் ஷூவோ இல்லாமல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது. பாசிக் குவியலுக்குள் உடைந்த கண்ணாடி, மீன் முள், கொட்டும் ஜெல்லிமீன் எதுவும் கிடக்கலாம், 15 வருடச் சர்க்கரையில் உணர்ச்சி மங்கிய காலுக்கு அது குத்தியதே தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கி, பார்ப்பதற்கு இருப்பதைவிட அதிகமாக வலித்து, காய்ச்சலோ கருநீலக் கொப்புளமோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. கடல்நீரில் இறங்கியதையும் சர்க்கரை இருப்பதையும் அங்குள்ள டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பாசியைத் தொட்டு விளையாடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். புதுப் பாசியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கை கழுவினால் போதும். வாயில் வைக்க வேண்டாம், இந்தப் பாசியில் ஆர்சனிக் அதிகம் சேர்ந்திருக்கும்.

இனி உங்கள் கணவர் கேட்டதற்கு. இப்போது கேன்சல் செய்தால், பாசியைக் காரணமாகச் சொல்லிப் பயணக் காப்பீட்டில் பணம் வாங்குவது பொதுவாகக் கடினம், பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். தேதியை மாற்ற முடியுமென்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாசி மிகக் குறைவு, பையனின் பள்ளி அதற்கு விட்டால் அதுதான் நல்லது. ஒரே ஒரு நிலையில் மட்டும் நானே தள்ளிப்போடச் சொல்வேன்: கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில் அவனுக்குக் கடுமையான வீசிங் வந்து மருத்துவமனை வரை போயிருந்தால்.

மாமியாரின் வெடிப்பு ஆறுவதற்கு ஆறு வாரம் தாராளம். தினமும் இரவு கால் கழுவி ஈரம் போகத் துடைத்து, யூரியா கலந்த களிம்பைக் குதிகாலில் தடவி, சுத்தமான பருத்திச் சாக்ஸ் போட்டுவிடுங்கள், விரலிடுக்கில் களிம்பு வேண்டாம். பிளேடால் சீவ விடாதீர்கள். ரத்தம் கசியும் பிளவு இருந்தால் முதலில் அவர்களுடைய டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இன்று இரவே தொடங்குங்கள், கடலில் கால் நனைக்க அவர்களுக்கும் ஆசை இருக்கும்.