பள்ளி மைதானத்துக்கு இயற்கைப் புல்லா, செயற்கைப் புல்லா, ஹைப்ரிட்டா?

"எங்கள் பள்ளிக்கு முழு அளவு கால்பந்து மைதானம் போட நன்கொடை வந்திருக்கிறது. மூன்றில் எது சிறந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன்னால் பதில் எழுதியவர்களில் பாதிப் பேர் "செயற்கைதான், பராமரிப்பே வேண்டாம்" என்கிறார்கள். அந்தக் கடைசி இரண்டு சொல்லைப் பார்த்த பிறகு பேசாமல் கடந்து போக முடியவில்லை.

ஊர் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டுச் சமவெளி, போர் தண்ணீர், காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் மூன்று நான்கு அணிகள், ஆண்டு விழாவுக்கு நடுவில் பந்தல் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஊட்டி, கொடைக்கானல் என்றால் புல் வகையே வேறு.

முதலில் மணிக்கணக்கு. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் அந்தத் தரையில் பூட்ஸ் கால் ஓடும்? நன்றாக வேரூன்றிய இயற்கைப் புல் வாரம் 10 மணி நேரம் வரை தாங்கும். ஹைப்ரிட், அதாவது பிளாஸ்டிக் இழை தைத்த இயற்கைப் புல், 20 வரை போகும். செயற்கை 40 தாண்டினாலும் நிற்கும். இது கைக்கணக்குதான், மழை வாரம், கோடை வாரம், சின்னப் பிள்ளைகள், பெரிய பையன்கள் எல்லாவற்றையும் பொறுத்து ஏறி இறங்கும். ஆனால் தினமும் மாலை மூன்று மணி நேரம், ஞாயிறு முழுக்கப் போட்டி என்றால் எந்த இயற்கைப் புல்லும் கோல் வாயில் மூன்றே மாதத்தில் மண்ணாகும். அதற்குப் புல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

இயற்கை என்று முடிவு செய்தால் நம் தட்பவெப்பத்துக்குச் சரியானது பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் விளையாட்டு வகைகள். டிஃப்வே 419 என்ற கலப்பினம் உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. அது விதை கட்டாது. விதையாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது வேறு புல். தண்டுக் கணுக்களைச் சுமார் 15 செ.மீ. இடைவெளியில் ஊன்ற வேண்டும், அல்லது பத்தையாகப் பெயர்த்துப் பதிக்க வேண்டும். கணு ஊன்றினால் 8 முதல் 12 வாரத்தில் தரை மூடும். நர்சரியில் மெக்சிகன் கிராஸ், கொரியன் கிராஸ் என்று பஞ்சு மெத்தை மாதிரி ஒன்றைக் காட்டுவார்கள். வீட்டு முற்றத்துக்கு அழகு. ஆனால் கிழிந்த இடம் மூடுவது மிக மெதுவாக நடக்கும் என்பதால் மைதானத்துக்கு ஆகாது. கடலோர ஊர், போர் தண்ணீர் உப்பு என்றால் பாஸ்பாலம் வகையைக் கேளுங்கள். உப்பை அது பெர்முடாவைவிட நன்றாகத் தாங்கும். எதுவானாலும் முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பெர்முடா நிழலில் வளராது. மேற்கே நாலு மாடி வகுப்பறைக் கட்டடம் இருந்தால் அந்தப் பக்கம் எப்போதும் சொட்டைதான்.

காசு போக வேண்டிய இடம் மண்ணுக்குள். தரமான அமைப்பு என்பது அடியில் வடிகுழாய், அதன் மேல் 100 மி.மீ. ஜல்லி, அதன் மேல் 300 மி.மீ. மணல் கலவை. 105க்கு 68 மீட்டர் ஆடுகளம் 7,140 சதுர மீட்டர்; அப்படியானால் மணல் மட்டும் 2,142 கன மீட்டர். மணலில் குறைந்தது 60 சதவீதம் 0.25 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இருக்க வேண்டும். வண்டல் 5 சதவீதத்தையும் களி 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இப்போது ஆற்று மணலுக்கு வழியில்லை, எம்-சாண்ட்தான். கழுவாத எம்-சாண்டில் கல் தூள் அதிகம். அது இறுகித் தண்ணீரை மேலேயே நிறுத்திவிடும். பூச்சு வேலைக்கான பி-சாண்டை இறக்கிவிட்டால் கதை முடிந்தது. சல்லடைப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் லாரியை உள்ளே விடாதீர்கள். இந்த அமைப்பு சரியாக அமைந்தால் மணிக்கு 150 மி.மீ. மழையை உள்ளே இழுக்கும். வடிகுழாய் போய்ச் சேரும் தெருக் கால்வாயின் மட்டத்தையும் பாருங்கள். ஐப்பசி மழையில் கால்வாய் நிரம்பினால் தண்ணீர் குழாய் வழியே மைதானத்துக்குத் திரும்பி வரும். அந்த நேரத்தில் மேலே எந்தப் புல் இருந்தாலும் ஒன்றுதான்.

இவ்வளவு மணலுக்கு நிதி இல்லையென்றால், இருக்கிற மண்ணை நடுவிலிருந்து ஓரத்துக்கு 1 சதவீதச் சரிவாக்கி, ஓரமாக ஜல்லி நிரப்பிய வடிகால் வெட்டுங்கள். பள்ளிக்கு அது போதும். மழை நாளில் விளையாட முடியாது, அவ்வளவுதான்.

தண்ணீர்: 1 மி.மீ. பாய்ச்சல் என்றால் 7,140 லிட்டர். மே மாதம் ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்றால் 35,700 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. இந்த எண்ணைத் தாளாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உரம்: வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு மாதம் சுமார் 5 கிராம் தழைச்சத்து, மொத்த ஆடுகளத்துக்கு 78 கிலோ யூரியா. அதை இரண்டாகப் பிரித்துப் போட்டு உடனே தண்ணீர் விட வேண்டும். இல்லையென்றால் இலை கருகும். மணல் தரையில் பொட்டாஷும் கரைந்து ஓடும் என்பதால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். வெட்டும் உயரம் 25 மி.மீ. ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஆகவே 38 மி.மீ. ஆகும் முன் மெஷின் இறங்க வேண்டும். கோடையில் அது வாரம் இரண்டு முறை, சில வாரம் மூன்று. உருளையில் கத்திகள் சுற்றும் ரீல் மெஷின் கத்தரிக்கோல் போல் நறுக்கும். மின்விசிறி போல் கிடையாகச் சுற்றும் சுழல் கத்தி மெஷினோ, கத்தி மழுங்கினால் நுனியைப் பிய்க்கும், மறுநாள் மைதானம் வெளுத்துத் தெரியும்.

நம்மூரில் இரண்டு பழக்கங்கள் நல்ல மைதானங்களைக் கெடுக்கின்றன. ஒன்று, மணல் தரை மேல் செம்மண்ணும் தொழு எருவும் பரப்புவது. செம்மண் ஒரு தனி அடுக்காகப் படிந்து, தண்ணீர் அங்கேயே நிற்கும், வேரும் அதற்குக் கீழே இறங்காது. எருவோடு கோரையும் வேர்ப்புழுவும் இலவசமாக வரும். மேலே தூவ வேண்டியது கீழே போட்ட அதே மணல்தான், ஒரு தடவைக்கு 2 அல்லது 3 மி.மீ. அதற்கு முன்னால் குழல் ஆணி மெஷினால் 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு மண் குச்சிகளைப் பிடுங்கி எடுக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது. மே விடுமுறை அதற்கென்றே அமைந்த மாதம். இரண்டாவது, நீற்றிய சுண்ணாம்பில் கோடு போடுவது. புல்லும் சாகும், விழும் பையனின் முழங்காலும் வேகும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ட் போதும்.

இனி செயற்கை. செயற்கைப் புல் விற்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நான் அதற்கு எதிரியில்லை. நகரத்தில் இடமில்லாத பள்ளிக்கு, இரவு 10 மணி வரை விளக்குப் போட்டு ஆடும் இடத்துக்கு அதைவிட்டால் வழியில்லை. ஹாக்கிக்கோ 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸிலிருந்தே செயற்கைத் தரைதான் கணக்கு. ஆனால் ஹாக்கித் தரை குட்டை இழை, அடர்த்தி அதிகம். கால்பந்துத் தரை நீள இழை. இரண்டுக்கும் ஒரே விரிப்பு என்று 'மல்டி ஸ்போர்ட்' பெயரில் விற்பதை வாங்கினால் இரண்டு ஆட்டமும் கெடும்.

"உலகமே செயற்கைக்குப் போய்விட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1966இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் அது வந்ததற்குக் காரணம், ஒளி புகும் கூரைக்குப் பெயின்ட் அடித்ததும் உள்ளே இருந்த புல் வெளிச்சமின்றிச் செத்ததுதான். 2015 மகளிர் உலகக் கோப்பையைக் கனடாவில் முழுக்கச் செயற்கைத் தரையில் நடத்த முடிவானபோது வீராங்கனைகள் சட்டப் புகார் வரை போனார்கள். 2026 உலகக் கோப்பைக்காக மெட்லைஃப் போன்ற செயற்கைத் தரை அரங்கங்களிலேயே இயற்கைப் புல் விரிக்க ஏற்பாடானது. காயம் எதில் அதிகம் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. வெயிலை வைத்து வாதாடுவேன். நம் சித்திரை மதியத்தில் ரப்பர் தூவிய விரிப்பு 60 டிகிரி செல்சியஸ் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம் குளிரும், பிறகு புழுக்கம் வேறு சேரும். பகல் பி.டி. வகுப்பு நடக்கும் பள்ளிக்கு இது சின்ன விஷயமில்லை.

பராமரிப்பே வேண்டாம் என்பது பொய். 50 மி.மீ. விரிப்புக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ மணல், 10 கிலோ ரப்பர் துகள் என்று வையுங்கள்: ஆடுகளம் முழுவதற்கும் 107 டன் மணல், 71 டன் ரப்பர். இழையை நிமிர்த்தி வைத்திருப்பது இந்த நிரப்பல்தான். பெனால்டி புள்ளி, கோல் வாய், கார்னர் ஆகிய இடங்களில் அது உதைபட்டுப் பறக்கும். அங்கே வாரம் ஒருமுறை அளந்து நிரப்பாவிட்டால் இழை அடியோடு மடங்கிப் பிளந்து படுத்துவிடும். பிறகு துலக்கினாலும் எழாது. மொத்தத் தரைக்கும் வாரம் ஒருமுறை பிரஷ் இழுக்க வேண்டும். விரிப்புகள் சேரும் இணைப்பில் பசை, டேப் இரண்டும் தரமாக இருக்க வேண்டும். ஈரத்திலோ தூசி மேலோ ஒட்டினால் முதல் கோடையிலேயே வாய் பிளக்கும், அதில் பூட்ஸ் மாட்டும். ஓரத்தில் தடுப்புக் கல்லும் வடிகாலில் வண்டல் தொட்டியும் இல்லையென்றால் துகள் மழையோடு போய் ஏரியில் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இந்த வகைத் துகள் விற்பனைக்குத் தடை கொண்டுவந்து 2031 அக்டோபர் வரை அவகாசம் தந்திருக்கிறது. தேங்காய் நார், கார்க் கலந்த நிரப்பலும் உண்டு. சூடு குறைவு, ஆனால் ஈரம் காய்ந்தால் பொடியும், பெருமழையில் மிதந்து ஓரம் ஒதுங்கும்.

கொட்டேஷனில் இரண்டு இடத்தைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே 3 மீட்டர் விட்டால் பரப்பு 8,214 சதுர மீட்டர். பலர் 7,140க்கு விலை போட்டுவிட்டு மிச்சத்தைப் பிறகு கேட்பார்கள். அடுத்தது 'ஃபிஃபா தரம்'. ஃபிஃபா குவாலிட்டி, குவாலிட்டி புரோ என்ற சான்று போட்டு முடித்த மைதானத்தை அங்கேயே சோதித்துத் தருவது. முதலாவது 3 ஆண்டு, இரண்டாவது 1 ஆண்டு செல்லும். விரிப்பின் ஆய்வகச் சான்றைக் காட்டினால் அது உங்கள் மைதானத்துக்கான சான்று ஆகாது. '4ஜி டர்ஃப்' என்று ஒரு தரமே கிடையாது, அது விற்பனைப் பேச்சு. நீங்களே பார்க்க ஒரு வழி: சரியாகக் காற்றடித்த பந்தை 2 மீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள். 60 செ.மீ. முதல் 1 மீட்டருக்குள் எழும்ப வேண்டும். அதற்கு மேல் துள்ளினால் நிரப்பல் குறைவு அல்லது அடித்தளம் கல்லாக இறுகியிருக்கிறது.

ஹைப்ரிட் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். அது இயற்கைப் புல் மைதானம்தான். மெஷின் ஒன்று பிளாஸ்டிக் இழையை 2 செ.மீ. இடைவெளியில் 18 செ.மீ. ஆழத்துக்குத் தைத்துக்கொண்டே போகும். வேர்கள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி செய்யும் வேலை. முழு ஆடுகளத்துக்கு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் தையல். தரையில் 5 சதவீதம் வரைதான் பிளாஸ்டிக். லண்டனின் வெம்ப்ளி அரங்கம் 2010இல் இதற்கு மாறியது. 2018 உலகக் கோப்பை இறுதி நடந்த மாஸ்கோ லுஷ்னிகி அரங்கமும் இதுதான். கிரிக்கெட் ஆடுகளமாக 2024இல் தர்மசாலாவுக்கு வந்தது.

புல் செத்தால் ஹைப்ரிட்டும் செத்தது. அதே தண்ணீர், அதே உரம், அதே மெஷின், அடியில் அதே மணல். கூடுதலாக ஒரு தலைவலி: பெர்முடா பக்கவாட்டில் படர்ந்து மெத்தை கட்டும், மேலே தூவும் மணலும் மட்டத்தை உயர்த்தும், சில ஆண்டில் இழை நுனி புதைந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை மேல் மெத்தையைச் சீவி எடுக்கத் தனி மெஷின் வேண்டும். பள்ளிக்கு இது வேண்டாம் என்பேன். மாநில அரங்கம் என்றால் பேச்சு வேறு.

இது கேள்விக்கு வெளியே, ஆனாலும் எழுதுகிறேன். புல் போட நன்கொடை கிடைக்கும், கல்வெட்டில் பெயர் வரும். புல்லைப் பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் தர ஒருவரும் முன்வர மாட்டார்கள். இருக்கிற ஒரு மைதானப் பணியாளரையும் மணி அடிக்க, பெஞ்ச் தூக்க, தேர்வு நாளில் தண்ணீர் வைக்க அனுப்புவார்கள். பிறகு மழை ஈரத்தில் பந்தல் லாரியை நடுவட்டத்துக்கே ஓட்டி வந்து சக்கரப் பள்ளம் விழுந்ததும் "புல் தரமில்லை" என்பார்கள். அந்தப் பணியாளருக்கு ரீல் மெஷின் கத்தியை எப்படிச் சாணை பிடிப்பது என்று யாராவது ஒருநாள் கற்றுக்கொடுத்தார்களா?

உங்களுக்கு என் பரிந்துரை: பெரிய ஆடுகளம் பெர்முடா. அதன் பக்கத்தில் 40க்கு 20 மீட்டரில் ஒரு சின்னச் செயற்கைத் தளம். தினசரிப் பயிற்சி, சின்னப் பிள்ளைகள், மழை நாள் எல்லாம் அதில். போட்டியும் வாரம் இரண்டு மூன்று பயிற்சியும் மட்டும் புல்லில். கோல் கம்பங்களை நகர்த்தக்கூடியதாகச் செய்து, பயிற்சியின்போது மாதம் ஒரு பக்கமாக மாற்றி வையுங்கள். கணு ஊன்ற பிப்ரவரி, மார்ச் சரி, தண்ணீர் உறுதியாக இருந்தால். இல்லையென்றால் ஜூன், ஜூலை. புரட்டாசிக்குப் பிறகு ஊன்றினால் வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டு போகும். ஒப்பந்தத்தில் கடைசித் தவணையை வேலை முடிந்த நாளில் கொடுக்காமல், ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்து, தேங்கிய இடங்களைச் சரிசெய்த பிறகே கொடுப்போம் என்று எழுதி வாங்குங்கள்.