ஏஸ் ஜோடியையும் ராஜா ஜோடியையும் எப்போது கீழே வைக்கலாம்?

டெக்சாஸ் ஹோல்டம் போக்கரில் (ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக நடுவில்) ராஜா ஜோடியோடு இரண்டு முறை மொத்தப் பணத்தையும் தள்ளியிருக்கிறீர்கள். இரண்டு முறையும் எதிரில் இருந்தவர் ஏஸ் ஜோடியைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். "இவ்வளவு நல்ல சீட்டை எப்போது ஃபோல்டு செய்து கீழே வைக்க வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்பது உங்கள் கேள்வி.

உங்களுக்குப் பிடிக்காத பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு முறையும் நீங்கள் தப்பாக ஆடியிருக்க வாய்ப்பு குறைவு. ஒன்பது பேர் மேசையில் உங்கள் கையில் ராஜா ஜோடி இருக்கும்போது, மற்ற எட்டுப் பேரில் யாரோ ஒருவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் சாத்தியம் கிட்டத்தட்ட 4 சதவீதம். 25 தடவைக்கு ஒரு தடவை. ராஜா ஜோடியே 221 கைக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே இந்த மோதல் அபூர்வம், ஆனால் நடந்துவிட்டால் வருஷக்கணக்கில் உறுத்தும். மீதி 24 தடவை என்ன நடந்தது என்று கேட்டால் நம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நானும் அப்படி உறுத்தப்பட்டவன்தான். சில வருஷம் கலிபோர்னியாவில் வேலை பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் சான் ஹோசே பக்கம் ஒரு கார்டு ரூமுக்குப் போவது வழக்கம். 1-3 டாலர் மேசை (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் பணம் அது, பிளைண்டு என்பார்கள்), கையில் 500 டாலர். அது போனால் எழுந்து வந்துவிட வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தம்.

எங்கள் வீட்டில் ரம்மி தெரியாத ஆளே கிடையாது. தீபாவளிக்கு மாமாக்கள் ஜமக்காளத்தை விரித்தால் ராத்திரி சாப்பாடு வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆரம்பத்திலேயே சீட்டை வைத்தால் ஸ்கூட், 20 பாயின்ட். நடுவில் வைத்தால் 40. மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. ஸ்கூட் விடலாமா வேண்டாமா என்பதை உங்கள் 13 சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஜோக்கர் இல்லை, சீக்வென்ஸ் கூடுகிற மாதிரியும் தெரியவில்லை என்றால் வைத்துவிட வேண்டியதுதான். எதிரே இருப்பது பெரிய மாமாவா சின்ன மாமாவா என்பது அந்த நேரத்தில் பெரிய விஷயமே இல்லை.

இந்தப் பழக்கத்தை அப்படியே போக்கர் மேசைக்கு எடுத்துப் போனேன். என் சீட்டு நல்ல சீட்டா, கெட்ட சீட்டா? நல்லதென்றால் ஆடு, கெட்டதென்றால் வை. முதல் சுற்றுக்கு இது ஓரளவு சரிதான். அப்புறம் எதிராளி பணத்தை ஏற்றிக்கொண்டே போகும்போதுதான் வம்பு. கையில் இரண்டு ராஜா விழுந்த நிமிஷமே எதிரே இருப்பவரைப் பார்ப்பதை என் கண் நிறுத்திவிடும்.

அன்றைக்கு எதிரே இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர். மடியில் குறுக்கெழுத்துப் புதிர். மூன்று மணி நேரத்தில் நாலு கை ஆடியிருந்தால் அதிகம். நான் ராஜா ஜோடியோடு 15 டாலர் வைத்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு 50 என்றார். நான் 140 ஆக்கினேன். அவர் மொத்தத்தையும் தள்ளினார், அதாவது ஆல்-இன். என்னிடம் மிச்சம் இருந்தது 360 டாலர். நடுவில் ஏற்கனவே 644 இருந்தது. நான் 360 போட்டால் மொத்தம் 1004. ஆக, எனக்கு 36 சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால்கூட கால் செய்வதில், அதாவது அவருக்கு ஈடாகப் பணம் போடுவதில் நஷ்டமில்லை.

இங்கேதான் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு ராஜா என் கையில் இருக்கும்போது எதிராளிக்கு ஏஸ் ஜோடி 6 விதமாக அமையலாம். மீதி இரண்டு ராஜாவும் அவரிடமே இருப்பது 1 விதம். ராணி ஜோடி 6 விதம். ஏஸும் ராஜாவும் சேர்ந்து வருவது 8 விதம். இந்த எல்லாவற்றோடும் அவர் ஆல்-இன் போகிற ஆள் என்றால் மொத்தம் 21 விதம். அதில் என்னை முந்தி நிற்பது 6 மட்டுமே. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு 57 சதவீதம் வரும். யோசிக்கவே வேண்டாம், கால். ஆனால் ஏஸ் ஜோடியும் ராஜா ஜோடியும் மட்டும்தான் என்றால் என் வாய்ப்பு 23 சதவீதத்துக்கு விழுந்துவிடும். அப்போது ஃபோல்டு.

ஆகக் கேள்வி என் ராஜா ஜோடியைப் பற்றியதே இல்லை. இந்த மனுஷன் ராணி ஜோடியோடு இப்படித் தள்ளுவாரா என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: ராணி ஜோடி வரும் மூன்று தடவையில் ஒரு தடவை அவர் இப்படிச் செய்தாலே போதும், கால் செய்வது நஷ்டமில்லாமல் ஆகிவிடுகிறது. அதனால்தான் ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டு விழுவதற்கு) முன்னால் ராஜா ஜோடியை வைப்பது அவ்வளவு அபூர்வமாக இருக்க வேண்டும் என்கிறேன். "இவரிடம் ஏஸ்தான்" என்று மனசு சொன்னால் போதாது. ராணி ஜோடியோடு இவர் ஒருநாளும் இதைச் செய்ய மாட்டார் என்று சொல்லும் அளவுக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரை நான் மூன்று மணி நேரம் பார்த்திருந்தேன். அவர் மறுபடி ஏற்றியதையே அன்று அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இருந்தும் கால் செய்தேன், ஏனென்றால் கையில் ராஜா ஜோடி. இரண்டு ஏஸைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி பென்சிலை எடுத்துக்கொண்டார். மேலே சொன்ன கணக்கெல்லாம் வீடு திரும்பும்போது காரில் போட்டது.

அதே மேசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ரெண்டு கைக்கு ஒரு கை ஏற்றும் ஒரு பையன் இருந்தான். அவன் அதையே செய்திருந்தால் ராஜா ஜோடியை வைப்பது முட்டாள்தனம். என்னிடம் 500-க்குப் பதில் 100 டாலர் மட்டும் இருந்திருந்தாலும் அப்படித்தான். கையிருப்பு குறையக் குறைய எதிராளிகள் தள்ளும் சீட்டின் தரமும் இறங்கும். பெரிய பிளைண்டைப் போல் 20, 30 மடங்கு மட்டும் வைத்திருக்கும்போது ராஜா ஜோடியை வைத்துவிட்டு அதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் பயம்.

ஏஸ் ஜோடிக்கு வருவோம். சாதாரணப் பண ஆட்டத்தில், ஃப்ளாப்புக்கு முன்னால், ஒருபோதும் வைக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் அதை மிஞ்சும் சீட்டே கிடையாது. ஏதோ ஒரு சீட்டோடு வரும் ஒரே எதிராளிக்கு எதிராக 85 சதவீதம் ஜெயிக்கும். நாலு பேர் வந்தால் 56 சதவீதம் அளவுக்கு இறங்கும். "பார், பாதிக்குப் பாதி தோற்கிறது" என்பார்கள். ஐந்தில் ஒரு பங்கு பணத்தைப் போட்டுவிட்டுப் பாதிக்கு மேல் ஜெயிக்கிறோமே, இதைவிட என்ன வேண்டும்?

ஏஸ் ஜோடியை ஃப்ளாப்புக்கு முன்பே வைக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்து நடைமுறையில் ஒன்றுதான் உண்டு. அது சாட்டலைட் டோர்னமென்ட். பெரிய போட்டிக்கு நுழைவுச் சீட்டைப் பரிசாகத் தரும் சின்னப் போட்டி இது. 2003-இல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் சாட்டலைட் வழியாகத்தான் லாஸ் வேகஸில் நடக்கும் போக்கர் உலகத் தொடருக்குள் நுழைந்தார். நேரடியாகச் சேர 10,000 டாலர் கட்ட வேண்டிய அந்தப் போட்டியில் 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் ஜெயித்தார். உலகம் முழுக்க ஆபீஸ் வேலை பார்ப்பவர்கள் போக்கர் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. (மணிமேக்கர் அவருடைய நிஜப் பெயர்தான், நம்புங்கள்.)

சாட்டலைட்டில் 10 இடம் பரிசு, 11 பேர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆளுக்கும் பத்தாவது ஆளுக்கும் ஒரே பரிசு. பக்கத்து மேசையில் ஒருவரிடம் ஒரே ஒரு பிளைண்டுக்கு மட்டும் சிப் இருக்கிறது. உங்களிடம் நிறைய. அந்த நேரத்தில் உங்களைவிட அதிகம் வைத்திருப்பவர் ஆல்-இன் சொல்கிறார், உங்கள் கையில் இரண்டு ஏஸ். ஜெயித்தால் புதிதாக ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. தோற்றால், அதாவது ஏழில் ஒரு தடவை, கைக்கு வந்த இடம் போய்விடும். சும்மா உட்கார்ந்திருந்தாலே இடம் கிடைக்கிற நிலையில் எதற்கு அந்த ஆபத்து? சிரித்துக்கொண்டே வைத்துவிடலாம். யாருக்கும் காட்டக்கூட வேண்டாம், காட்டினால் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு விஷயம்: நல்ல சீட்டால் போகும் பணத்தில் பெரும்பகுதி ஃப்ளாப்புக்கு முன்னால் போவதில்லை. மூன்று சீட்டு கீழே விழுந்த பிறகுதான் போகிறது. அதுவரை அசைக்க முடியாமல் இருந்த ஏஸ் ஜோடி அங்கே வெறும் ஒரு ஜோடி. இரண்டு ஜோடியிடம் தோற்கும், மூன்று ஒரே சீட்டான செட்டிடம் தோற்கும். கையில் சின்ன ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் செட் அமைவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறை. அவர் 15 டாலர் கொடுத்து உள்ளே வருவதே, அது அமைந்த அன்றைக்கு நீங்கள் 500-ஐயும் கொடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும் ஆட்களால்தான் அவருக்கு வருமானம்.

வைக்கவே முடியாத இடங்களும் உண்டு. 2017 உலகத் தொடரின் முக்கியப் போட்டியில், ஆரம்பித்த முதல் கட்டத்திலேயே தொழில்முறை ஆட்டக்காரர் வனெசா செல்ப்ஸ்ட் வெளியேறினார். அவர் கையில் ஏஸ் ஜோடி. கீழே ஏஸ், ஏழு, ஐந்து, ஏழு, நான்கு. மூன்று ஏஸ், இரண்டு ஏழு என்று ஃபுல் ஹவுஸ். அவரை வெல்ல வேண்டுமென்றால் மீதி இரண்டு ஏழும் ஒரே கையில் இருந்தாக வேண்டும். கேயல் போமன் கையில் அது இருந்தது. செல்ப்ஸ்ட் யோசித்துவிட்டுத்தான் கால் செய்தார். 2008-இல் மொட்டோயுகி மபுச்சி நாலு ஏஸோடு, போக்கரின் மிகப் பெரிய கையான ராயல் ஃப்ளஷிடம் தோற்றார். இந்த மாதிரிக் கைகளில் எப்படி வைத்திருக்கலாம் என்று யோசிப்பதே நேர விரயம். தோற்றுவிட்டுக் காபி குடிக்கப் போக வேண்டியதுதான்.

நான் வைத்த ஒரு கையைச் சொல்கிறேன். பெரியவரிடம் தோற்று ஒரு வருஷம் இருக்கும். ஏஸ் ஜோடி, இரண்டுமே ஸ்பேட் இல்லை. 15 டாலர் வைத்தேன், என்னோடு சேர்த்து ஐந்து பேர். கீழே ஸ்பேட் எட்டு, ஸ்பேட் ஏழு, டைமண்ட் நாலு. இதைவிட மோசமான ஃப்ளாப்பை நாமே தேடி எடுத்துப் போட்டாலும் கஷ்டம். 50 வைத்தேன். ஒரே ஒருவர் கால் செய்தார், ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒரு நர்ஸ் அம்மா. அடுத்த சீட்டு கிளாவர் இரண்டு. 110 வைத்தேன். அவர் என்னிடம் மிச்சமிருந்த அத்தனைக்கும் சேர்த்து ஆல்-இன் என்றார். இன்னும் 325 போட வேண்டும், 720 கிடைக்கும். 31 சதவீதம் தேவை.

அந்த அம்மா சாயங்காலம் முழுக்கக் கால் மட்டுமே செய்துகொண்டிருந்தார். ஐந்து ஸ்பேட் கூடி ஃப்ளஷ் ஆகும் என்று காத்திருந்து கடைசிவரை கால் மட்டும் செய்து தோற்றதை இரண்டு முறை பார்த்திருந்தேன். அப்படிப்பட்டவர் தானாக ஏற்றுகிறார். எட்டு, ஏழு, நாலு ஆகிய மூன்று செட்டும் சேர்ந்து 9 விதம். ஐந்து-ஆறு வைத்திருந்தால் வரிசையாக ஐந்து சீட்டு, அதாவது ஸ்ட்ரெய்ட், ஏற்கனவே முடிந்துவிட்டது. எட்டு-ஏழு என்றால் இரண்டு ஜோடி. நான் ஜெயிக்கிற மாதிரி சீட்டோடு இவர் இதைச் செய்வாரா என்று தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு ஏஸையும் கவிழ்த்து டீலர் பக்கம் தள்ளினேன். முன்பு கண் தெரியாமல் போன இடத்தில் இந்தத் தடவை ஒரு நிமிஷம் முழுக்க அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சீட்டை மறுபடி தூக்கிப் பார்க்கவே இல்லை.

இதை இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்துவிட்டது. நான் சொன்ன கணக்கெல்லாம் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடினாலும் அப்படியேதான் வரும்.

அந்தக் கையில் நான் வைத்தது சரியா என்று கேட்பீர்கள். அவர் சீட்டைக் காட்டாமல் பணத்தை வழித்துக்கொண்டார். வலது பக்கம் இருந்தவர் "செட்தான்" என்றார், இடது பக்கம் இருந்தவர் "ஸ்பேட், நீ ஏமாந்தாய்" என்றார். மனசு கேட்காமல் அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவிடமே போய்க் கேட்டேன். எந்தக் கை என்று அவருக்கு ஞாபகமே இல்லை.