புது டிரைவ் பெல்ட்டும் கழன்று விழுந்தால்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியில் புது டிரைவ் பெல்ட் (இன்ஜின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பெல்ட்) போட்டும், கிளட்ச்சை மிதித்து விட்டால் கழன்றுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெல்ட் பழைய பெல்ட்டை அளந்து வாங்கியதா? பழசு தேய்ந்து நீண்டிருக்கும், அந்த அளவு சரிவராது. கையேட்டில் உள்ள பாக எண்ணை வைத்தே வாங்குங்கள்.

எண் சரி என்றால், முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். அப்புறம் புல்லிகளின் (பெல்ட் ஓடும் சக்கரங்களின்) ஓரத்தில் பெல்ட் நழுவாமல் தடுக்கும் சிறு கம்பி இருக்கும். பெல்ட் அதற்கு உள்பக்கமாகப் போகிறதா பாருங்கள். எனக்கு முதல் சந்தேகம் இங்கேதான். மிதிக்கும்போது பெல்ட் தளரும், கம்பிக்கு வெளியே இருந்தால் அப்போதே நழுவிவிடும்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் புல்லியையும் கையால் சுற்றுங்கள். கரகரவென்றாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது. அதன் ஸ்பிரிங் தொய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.