யாரை எண்ணுகிறோம்? குழந்தைகள் நலத் துறையில் ஆய்வுப் பகுப்பாய்வாளராகச் சேர நினைப்பவருக்கு

கேள்வி: புள்ளியியலில் முதுகலைப் பட்டம் பெற்று, நான்கு ஆண்டுகளாக ஒரு தனியார் நிறுவனத்தில் விற்பனைத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்துவருகிறேன். அரசின் குழந்தைகள் நலத் துறையில் ஆய்வுப் பகுப்பாய்வாளர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்காணலுக்கு அழைப்பு வந்திருக்கிறது. சமூகப்பணி படித்ததில்லை, களத்தில் வேலை பார்த்ததும் இல்லை. இந்த வேலைக்கு நான் புதிதாக எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? விற்பனைத் தரவுக்கும் இதற்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? மனத்தளவில் இதைத் தாங்க முடியுமா என்ற தயக்கமும் உண்டு.

பதில்: சமூகப்பணிப் பட்டம் இல்லாதது பெரிய குறையாகாது. எஸ்கியூஎல், எக்செல், ஆர் அல்லது பைத்தான் ஆகியவற்றில் உங்களுக்கு இருக்கும் பழக்கம் தொழில்நுட்பத் தேவையின் பெரும்பகுதியை நிறைவு செய்துவிடும். கடையில் ஒரு பொருள் விற்றால் பில் போடும் இயந்திரமே அதைப் பதிந்துவிடுகிறது. குழந்தைகள் நலத் துறையின் தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு களப்பணியாளர், பெரும்பாலும் வீடு வீடாக அலைந்து திரும்பிய களைப்பில், தான் பார்த்ததையும் கேட்டதையும் படிவத்தின் கட்டங்களுக்குள் அடக்கி எழுதியிருக்கிறார். ஆகவே எந்த எண்ணைக் கையில் எடுத்தாலும், அது யாரை எண்ணியது, யாரை விட்டது, எந்த நாளிலிருந்து எண்ணியது என்று கேட்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். இந்த வேலையில் கடினமான பகுதி இதுதான், சூத்திரங்கள் எளிது.

எண்ணும் அலகிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் மூவரையும் குறித்துப் புகார் தருகிறார். புதன்கிழமை அதே மூவரைக் குறித்து ஆசிரியரும் புகார் தருகிறார். துறை இரண்டையும் சேர்த்து ஒரே விசாரணையாக நடத்துகிறது. ‘இந்த வாரம் எத்தனை?’ என்று மேலதிகாரி மாலை நான்கு மணிக்கு அவசரமாகக் கேட்டால், விசாரணை ஒன்று, புகார் இரண்டு, குழந்தைகள் மூவர், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு புகாரையும் தனித்தனியே எண்ணும் அட்டவணையில் ஆறு. நான்குமே சரியான விடைகள்தான். சென்ற ஆண்டு அறிக்கையில் எந்த அலகு பயன்பட்டது என்று பார்க்காமல் இந்த ஆண்டு எண்ணை அதன் பக்கத்தில் வைத்தால், ஒன்றுமே மாறாதபோதும் குழந்தைகள் மீதான கொடுமை இரு மடங்காகிவிட்டது என்று தலைப்புச் செய்தி வரும்.

வீட்டிலிருந்து பிரித்துப் பராமரிப்பில் வைக்கப்பட்ட குழந்தைகள் அங்கே எவ்வளவு காலம் இருக்கிறார்கள் என்பது உங்களிடம் அடிக்கடி கேட்கப்படப்போகும் கேள்வி. புதியவர்கள் வழுக்கி விழும் இடமும் அதுவே என்பதால், ஒரு கற்பனைக் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். மாதத்துக்குப் பத்துக் குழந்தைகள் பராமரிப்புக்குள் வருகிறார்கள். அவர்களில் எட்டுப் பேர் மூன்று மாதங்களில் வீடு திரும்புகிறார்கள். இரண்டு பேர் ஐந்து ஆண்டுகள், அதாவது 60 மாதங்கள் தங்குகிறார்கள். பல ஆண்டுகள் இப்படியே நடந்த பிறகு ஏதேனும் ஒரு நாளில் எண்ணினால், குறுகிய காலம் தங்குவோர் 8 × 3 = 24 பேர், நீண்ட காலம் தங்குவோர் 2 × 60 = 120 பேர், ஆக மொத்தம் 144 குழந்தைகள் இருப்பார்கள். உள்ளே வருபவர்களில் ஐந்தில் நால்வர் மூன்றே மாதங்களில் வெளியேறிவிடும் அதே அமைப்பில், ஒரு நாள் எண்ணிக்கையில் கண்ணில் படுபவர்களில் ஆறில் ஐவர் நீண்ட காலம் தங்குபவர்கள். வருபவர்களின் சராசரித் தங்கல் 14.4 மாதம், இடைநிலை அளவோ, அதாவது தங்கல் காலப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் காலமோ, மூன்று மாதம்தான்.

இவற்றில் எதுவும் பொய்யில்லை. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்றும், அமெரிக்காவில் செப்டம்பர் 30 அன்றும் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளைக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். நிதி ஒதுக்கவும், இக்குழந்தைகளைத் தத்தெடுக்காமல் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வளர்ப்புக் குடும்பங்கள் எத்தனை தேவைப்படும் என்று திட்டமிடவும் அந்த ஒரு நாள் கணக்கு மிகவும் உதவும். ‘இன்று உள்ளே வரும் குழந்தைக்கு என்ன நடக்கும்?’ என்ற கேள்விக்கு மட்டும் அதிலிருந்து விடை சொல்லக் கூடாது. அதற்கு, ஒரே காலத்தில் உள்ளே வந்தவர்களை ஒரு குழுவாக வைத்துக்கொண்டு, அவர்களை நாள்போக்கில் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

வெளியேறியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடுவது இதைவிட ஏமாற்றும். ஏழெட்டு ஆண்டுகளாகக் காப்பகத்தில் இருந்த பிள்ளைகளுக்குக் குடும்பம் தேடித் தர ஒரு துறை உண்மையாகவே பாடுபட்டு, ஓராண்டில் முப்பது பேரைத் தத்துக் கொடுத்தது என்றால், அந்த ஆண்டு வெளியேறியவர்களின் சராசரித் தங்கல் காலம் ஏறிவிடும். அட்டவணையைப் பார்ப்பவருக்குத் துறை மந்தமாகிவிட்டது போலத் தோன்றும். அந்தப் பிள்ளைகளை மறந்தே போன துறைக்கு அழகான எண் கிடைக்கும். இன்னும் வெளியேறாதவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழிதான் 1958இல் வெளிவந்த கப்லான்–மேயர் முறை. நீங்கள் வகுப்பில் படித்ததுதான். நாள் ஆக ஆக எத்தனை பேர் மீதியிருக்கிறார்கள் என்பதை அது ஒரு வளைகோடாக வரையும். மருத்துவ ஆய்வில் நோயாளிகள் உயிரோடிருக்கும் காலத்தை அளக்கும் அதே வளைகோடு, இங்கே ஒரு குழந்தை பராமரிப்பில் இருக்கும் காலத்தை அளக்கும். ஆனால் பெற்றோரிடம் திரும்புவதும், தத்துப் போவதும், 18 வயது நிறைந்ததால் தனியாக வெளியே அனுப்பப்படுவதும் ஒரே வகை ‘வெளியேற்றம்’ ஆகாது; மூன்றையும் பிரித்துக் காட்டாத வளைகோட்டைப் பார்த்து யாரும் மகிழக் கூடாது. நேர்காணலுக்கு முன் ஒரே ஒரு பாடத்தை மறுபடி படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பதிவு எப்படி உருவாகிறது என்பதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். தொடக்க காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், ஏற்கெனவே புகார் வந்த குடும்பங்கள் மீது மறுபடி புகார் வரும் விகிதம் ஒரே காலாண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததைக் கண்டு, களப்பணியாளர்களுக்குத் தரப்பட்ட புதிய பயிற்சியின் பலன் என்று உற்சாகமாக ஒரு குறிப்பு எழுதினேன். கூட்டத்தில் அதைப் படித்த மூத்த களப்பணியாளர் ஒருவர், “பிப்ரவரியிலேயே படிவத்த மாத்திட்டாங்களே, உங்களுக்குச் சொல்லலையா?” என்று கேட்டார். ஒரு கோப்பு திறந்திருக்கும்போது வரும் அடுத்த புகாரைப் புதிய பதிவாக இடாமல், அதே கோப்பில் ஒரு குறிப்பாகச் சேர்க்கும்படி மென்பொருளை மாற்றியிருந்தார்கள். குழந்தைகளின் நிலையில் ஒரு மாற்றமும் இல்லை. அன்றிலிருந்து, எந்தக் கோடு திடீரென்று மடங்கினாலும் படிவம், மென்பொருள், விதிமுறை ஆகிய மூன்றையும் சோதித்துவிட்டுத்தான் குழந்தைகளின் வாழ்க்கையில் காரணம் தேடுகிறேன்.

இப்படிப்பட்ட தடயங்கள் தரவு முழுக்கக் கிடக்கும். பிறந்த தேதி தெரியாத குழந்தைகளுக்கெல்லாம் ஜனவரி 1 இட்டிருப்பார்கள். வயதுவாரி அட்டவணையில் அது வீங்கித் தெரியும். மாதக் கடைசி நாளன்று கோப்புகள் குவியலாக மூடப்பட்டிருக்கும். அன்று அத்தனை குடும்பங்களும் சரியாகிவிட்டன என்று பொருளில்லை, அறிக்கை கேட்டார்கள் என்று பொருள். எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘இல்லை’ என்ற சொல். ‘மாற்றுத்திறன்: இல்லை’ என்று பதிவாகியிருந்தால், பரிசோதித்து இல்லை என்று கண்டார்களா, யாரும் கேட்கவே இல்லையா, மென்பொருள் தானாகவே அதை நிரப்பியதா என்பது அந்த ஒரு சொல்லிலிருந்து தெரியாது.

வெளியுலகமும் எண்களுக்குள் நுழையும். இங்கிலாந்தில் ஒரு குழந்தையின் மரணம் தொடர்பான வழக்கு 2008 நவம்பரில் பெரும் செய்தியானதும், குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க அனுமதி கோரி நீதிமன்றங்களுக்குச் சென்ற விண்ணப்பங்கள் சட்டென்று உயர்ந்தன. அந்த வாரங்களில் வீடுகளுக்குள் கொடுமை திடீரென்று பெருகவில்லை. முடிவெடுப்பவர்களின் அச்சம் பெருகியது. செய்தித்தாளில் வந்த தேதிகளை உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் குறித்துவைக்கும் பழக்கம் நல்லது.

காரணம் சொல்வதில் இன்னும் கூடுதலான அடக்கம் தேவை. வளர்ப்புக் குடும்பங்களில் வளரும் குழந்தைகள் காப்பகக் குழந்தைகளைவிட நன்றாகப் படிக்கிறார்கள் என்று உங்கள் தரவு காட்டலாம். ஆனால் சிக்கல் குறைந்த, வயதில் சிறிய குழந்தைகளைத்தான் குடும்பங்கள் எளிதில் ஏற்கின்றன என்பதால், அந்த வேறுபாட்டில் எவ்வளவு குடும்பத்தின் பங்கு என்று துறையின் பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ருமேனியாவின் புக்காரெஸ்டில் காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளை, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒரு பிரிவை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்து நடத்திய ஆய்வு இத்துறையில் இவ்வளவு மதிக்கப்படுவது அதனால்தான். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சி மேம்பட்டது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. அப்படியொரு ஆய்வை நடத்துவது அறமா என்ற விவாதமும் அதோடு சேர்ந்தே வருகிறது, வரவும் வேண்டும்.

புள்ளியியல் படித்தவர் என்பதால், எந்தக் குழந்தைக்கு அபாயம் அதிகம் என்று முன்கூட்டியே கணிக்கும் கணித மாதிரி ஒன்றை உருவாக்கித் தரும்படி ஒருநாள் உங்களிடம் கேட்கப்படலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள அலிகேனி மாவட்டம் 2016 ஆகஸ்டிலிருந்து, தொலைபேசியில் வரும் புகார்களுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் இடும் கருவியைப் பயன்படுத்துகிறது. விசாரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் ஊழியருக்கு அது ஒரு துணைத் தகவல். அதன் மீதான முக்கியமான விமர்சனம், மதிப்பெண்ணுக்கு ஆதாரமான தரவு அரசின் சேவைகளிலிருந்து வருகிறது என்பது. அரசு மனநல மருத்துவமனைக்குப் போகும் ஏழைத் தாய் அந்தத் தரவில் இருப்பார். தனியார் மருத்துவரிடம் போகும் வசதியான தாய் இருக்கமாட்டார். நியூசிலாந்தில் பிறந்த குழந்தைகளுக்கு அபாய மதிப்பெண் இட்டுவிட்டு, தலையிடாமல் காத்திருந்து கணிப்பைச் சரிபார்க்கும் திட்டம் ஒன்றை 2015இல் அந்நாட்டு அமைச்சரே நிறுத்தினார். என் கருத்தில் அது சரியான முடிவு. கணித்தது தெரிந்தும் சும்மா இருக்கும் ஆய்வாளர், ஆய்வாளராக மட்டும் இருந்துவிட முடியாது.

அந்தரங்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விதிகளை அலுவலகமே கற்றுத்தரும். குழந்தையின் அந்தரங்கத்தில் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்பது 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு. நடைமுறையில் தவறு நேர்வது பெயர்ப் பட்டியலில் அன்று, சிறிய அட்டவணைகளில்தான். ஒரு வட்டாரத்தில் பராமரிப்பில் உள்ள குழந்தைகள் மொத்தம் 11, சிறுமிகள் 9 என்று போட்டுவிட்டு, மிகச் சிறிய எண் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் சிறுவர்கள் ‘மறைக்கப்பட்டது’ என்று அச்சிட்டால், மறைத்தது இரண்டு என்பது பள்ளி மாணவருக்கும் தெரியும். அந்த இருவர் யார் என்பது அவ்வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்டத்தை மறைத்தால், அதைக் கழித்துக் கண்டுபிடிக்க உதவும் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும்.

மனத்தளவில் தாங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். எண்களோடு மட்டும் இருந்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பதிவின் தரத்தைச் சோதிக்கக் கோப்புகளைத் திறந்து படிக்க வேண்டியிருக்கும். விசாரணைக் குறிப்புகளில் சில வரிகள் வீடு வரை கூடவே வரும். களப்பணியாளர்களுக்கு இதைப் பேசித் தீர்க்க மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார். பகுப்பாய்வாளருக்கு அப்படியொருவர் தேவை என்பது பல அலுவலகங்களுக்குத் தோன்றுவதே இல்லை. கோப்புப் படிக்கும் வேலையை நான் காலையில் வைத்துக்கொள்வேன், இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடரமாட்டேன், மாலையில் கணக்கு மட்டும். இது எனக்குச் சரிப்பட்டது; உங்களுக்குரிய ஏற்பாட்டை முதல் மாதத்திலேயே செய்துகொள்ளுங்கள், பழகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

நேர்காணலில் விற்பனைத் துறை அனுபவத்தை மறைக்க வேண்டியதில்லை. பாதியில் வெளியேறும் வாடிக்கையாளர்களை நீங்கள் ஆராய்ந்திருந்தால், தங்கல் காலக் கணக்கின் அடிப்படை உங்களுக்கு ஏற்கெனவே கைவந்திருக்கிறது. அதை அவர்களுக்குப் புரியும்படி சொல்லுங்கள். ‘வேறு கேள்வி உண்டா?’ என்று அவர்கள் முடிக்கும்போது இரண்டு கேளுங்கள். தரவுத்தளத்தின் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது தகவல் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும், பொருள் எழுதிவைத்த ஆவணம் இருக்கிறதா, அதைக் கடைசியாகத் திருத்தியது எப்போது என்பது ஒன்று. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில், புகார்களைத் தொலைபேசியில் பதிவு செய்யும் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருக்க அனுமதி கிடைக்குமா என்பது மற்றொன்று. ஆவணம் இல்லை என்றாலும் சேரலாம், அதை எழுதுவதே உங்கள் முதல் வேலையாகிவிடும். இரண்டாவது கேள்விக்குத் தயங்கினார்கள் என்றால், ஏன் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.